கந்தசாமி மகன் சென்னியப்பன், வயது 67

முதல் நாள்: லீட்ஸ்

“மிஸ்டர் கந்தசாமி!”

கவுன்டரில் இருந்த அம்மாள் மூன்று தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. கந்தசாமி என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து 22 வருஷம் ஆகிறது. இங்கிலாந்து விமான நிலையத்தில் அவரை யார் தேடப் போகிறார்கள் என்று நான் பாட்டுக்கு நின்றிருந்தேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டிய பிறகுதான் உறைத்தது. இந்த நாட்டில் ஒரு மாதத்துக்கு நான்தான் கந்தசாமி.

ஊரில் நான் க. சென்னியப்பன். பாஸ்போர்ட் எடுக்கும்போது ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் வம்பு வரும் என்று சொல்லி, அந்தக் ‘க’வைப் பிரித்து அங்கே உட்காரவைத்தார்கள். மகள் கோமதிக்கு அந்தக் கட்டத்தில் அவள் வீட்டுக்காரர் சரவணனின் பெயர். பேத்தி இனியாவுக்கும் சரவணன். சரவணனுக்கு அவர் அப்பா ராமசாமி. ஆக என்னையும் சேர்த்து ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். நான் வருவதற்கு முன்பே, பல பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு என்றே தபால்காரர் நெடுநாள் நினைத்திருந்தாராம்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வரக் காரணம் உண்டு. 31 வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ‘ஈரோடு மாவட்டம், சென்னிமலை கிராமத்தில் வசிக்கும் லேட் இன்னார் குமாரர் இன்னார்’ என்று எத்தனை ஆயிரம் வரி கண்ணில் பட்டிருக்கும்! ஒரு மனிதனை இன்னொரு மனிதனிடமிருந்து பிரித்துக் காட்டுவதுதான் அந்த வரிக்கு வேலை. அப்பா பேர், ஊர், வயது, அதுவும் போதாவிட்டால் ‘ராசு என்கிற ராமசாமி’.

கோமதி எனக்காகப் பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்தில் ஒரு குடும்பப் பெயர் அகராதி வாங்கி வைத்திருந்தாள். “ஊர் சுத்தறப்ப பேச்சுத் துணைக்கு ஆகுமுங்கப்பா” என்றாள். விமானக் களைப்பில் தூக்கம் வராமல் இரவு இரண்டு மணிக்கு அதைப் புரட்டினேன். 1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து நாட்டைப் பிடிக்கும் வரை இங்கே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். அதன் பிறகு நிலம் வைத்திருந்த பிரபுக்கள் முதலில் வால் சேர்த்துக்கொண்டார்கள். 1400 வாக்கில் சாதாரண ஆங்கிலேயக் குடும்பங்களிலும் பெரும்பாலானவற்றுக்கு அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பெயர் வந்துவிட்டது. நடுவில் இருக்கும் அந்த முந்நூறு சொச்சம் வருஷத்தில்தான் சங்கதி எல்லாம் இருக்கிறது.

இரண்டாம் நாள்: யார்க்

ரயிலில் அரை மணி நேரம். தூறல். பெரிய தேவாலயத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. உள்ளே போகக் கேட்ட கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன், கழுத்து தானாகவே இறங்கிவிட்டது.

இந்த ஊரில் தெருவெல்லாம் ‘கேட்’ என்று முடிகிறது. வாசல் என்று நினைத்தேன். இல்லை, அது வைக்கிங்குகள் விட்டுப்போன சொல், தெரு என்று பொருள். கோட்டை வாசலுக்கு இங்கே ‘பார்’ என்று பெயர். அப்படியானால் சாராயம் குடிக்கும் இடம்? அது பப். இந்த வேடிக்கையை ஊர்க்காரர்கள் வருகிற எல்லோரிடமும் சொல்வார்கள் போலிருக்கிறது, காலையிலிருந்து மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

காப்பர்கேட் என்ற தெருவுக்கும் செம்புக்கும் சம்பந்தமில்லை. மரத்தைக் கடைந்து குவளை செய்தவர்கள் இருந்த தெரு அது. 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டியபோது வைக்கிங் காலத்துப் பட்டறைகளே மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ஈர மண்ணில் மரமும் தோலும்கூட மக்காமல் கிடந்தனவாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஆற்றங்கரையில் லெண்டல் பாலத்தை ஒட்டி நிற்கும் ஒரு குட்டிக் கோபுரம். பெயர் பார்க்கர் கோபுரம்.

“பார்க்கர்னா குரைக்கிறவரா, அப்புச்சி?” என்றாள் இனியா. பதினோரு வயது. அவளுக்கு ஆங்கிலம் தாய்மொழி மாதிரி, தமிழ் அம்மாமொழி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அகராதியைப் பார்த்தால், அது மரப்பட்டை. ஓக் மரத்துப் பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டவர்கள் பார்க்கர்கள். பக்கத்திலேயே டேனர் ரோ என்ற தெரு இருக்கிறது, அதற்கும் அதே அர்த்தம். எங்கள் பக்கம் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டது நினைவுக்கு வந்தது. பட்டைக்காரர் என்று தமிழ்ப்படுத்திவிட்டால் ஈரோட்டுக்காரனுக்கு விளக்கமே வேண்டாம்.

ஸ்மித்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், கொல்லர். இங்கிலாந்தில் அதிகம் பேருக்கு இருக்கும் பெயர். அதை வைத்து, அந்தக் காலத்தில் ஊர் முழுக்கக் கொல்லர்கள் என்று நினைத்தால் தப்பு. ஊர் முழுக்க இருந்தது உழவர்கள். ஆனால் உழவன் என்று பொருள்படும் ‘ப்ளௌமன்’ அபூர்வமான பெயர். எல்லோரும் ஏர் ஓட்டும் ஊரில் ‘ஏர்க்கார ஜான்’ என்றால் எந்த ஜான்? கொல்லர் ஊருக்கு ஒருவர், அதனால் கொல்லர் ஜான் என்றால் அவர் ஒருத்தர்தான். எங்கள் சென்னிமலையில் யாரையாவது ‘தறிக்காரர்’ என்று அடையாளம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

யார்க் நகர உரிமை பெற்றவர்களின் பதிவேடு 1272இல் தொடங்குகிறது. பேரும் தொழிலும் சேர்த்து எழுதுவார்கள். முதலில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கொஞ்சங் கொஞ்சமாக, சமையல்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டு துணி தைப்பவர், தையல்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டு ரொட்டி சுடுபவர் என்று ஆட்கள் வர ஆரம்பிக்கிறார்கள். அந்த எழுத்தர் முதல் தடவை பேனாவை நிறுத்தி யோசித்திருப்பார். இவன் பேர் வேறு, தொழில் வேறா, இரண்டு பத்தி போட வேண்டுமா என்று. எனக்குத் தெரியும் அந்த யோசனை.

இந்த ஊரில் பைபிள் கதைகளைத் தெருவில் வண்டிகளின் மேல் நாடகமாகப் போடுவார்கள். தொழிற்சங்கம் வாரியாகக் காட்சியைப் பிரித்துக்கொண்டார்களாம். நோவாவின் கப்பலைக் கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுக்கு, கடைசி விருந்து ரொட்டிக்காரர்களுக்கு, ஏசுவைச் சிலுவையில் அறையும் காட்சி ஆணி, ஊசி செய்பவர்களுக்கு. கிங், பிஷப் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களின் முன்னோர் எல்லாம் ராஜாவும் ஆயரும் அல்ல. அந்த அரண்மனையில் எடுபிடி வேலை பார்த்தவராக இருக்கலாம், ராஜா வேஷம் கட்டியவராகவும் இருக்கலாம். எங்கள் ஊர்க் கூத்தில் ஒரு வருஷம் கர்ணன் வேஷம் கட்டியவர் சாகும்வரை ‘கர்ண மகாராசா’தான். வீட்டில் அரிசி இருக்காது.

மூன்றாம் நாள்: ஹெப்டன்ஸ்டால், ஹாலிஃபாக்ஸ்

ஹெப்டன் பிரிட்ஜில் ரயிலை விட்டு இறங்கினால் மேலே ஹெப்டன்ஸ்டால் கிராமத்துக்குக் கல் பாவிய பழைய பொதிகுதிரைப் பாதை ஒன்று போகிறது. சென்னிமலைப் படியை வாரம் ஒருமுறை ஏறுகிறவன் என்ற திமிரில் பஸ் வேண்டாம் என்றேன். பாதி வழியில் நான் உட்கார்ந்த கல்லை இனியா படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

மேலே போனால் கருத்த கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் மாடியில் வரிசையாக ஜன்னல்கள், நடுவில் ஒல்லித் தூண்கள். ஏன் இத்தனை ஜன்னல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தறிக்கு வெளிச்சம் வேண்டும். அறுந்த இழையைக் கண்டுபிடிக்க எங்கப்பா ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி பதித்த மாதிரி இவர்கள் சுவரைத் திறந்திருக்கிறார்கள்.

சர்ச் வளாகத்தில் இரண்டு கோயில். பழையது 1847 புயலில் சேதமாகிக் கூரையில்லாமல் நிற்கிறது. புதியது 1854இல் முடிந்தது. நடுவில் கல்லறைக் கற்களைத் தளம் மாதிரி படுக்கவைத்திருக்கிறார்கள். மிதிக்காமல் நடக்கவே முடியாது. நான் செருப்பைக் கழற்றப் போக, கோமதி “குளிருமுங்கப்பா, வேண்டாம்” என்று தடுத்தாள். குனிந்து படித்துக்கொண்டே போனேன். கிரீன்வுட், சட்கிளிஃப், மறுபடி கிரீன்வுட், மறுபடி சட்கிளிஃப். இந்தப் பள்ளத்தாக்கிலேயே முளைத்துப் பரவிய பெயர்கள். சட்கிளிஃப் என்றால் தெற்குப் பாறைச்சரிவு. ஏக்ராய்ட் என்றால் ஓக் மரங்களை வெட்டித் திருத்திய நிலம். இந்த ‘ராய்ட்’ என்ற சொல்லை இங்கே நிறையக் கேட்கலாம், காட்டைத் திருத்திய இடம் என்று அர்த்தம். மர்கட்ராய்ட், மார்கரெட் திருத்திய நிலம்.

இது எனக்கு வேற்று மொழி மாதிரியே தோன்றவில்லை. கொங்கு நாட்டில் ஆளைச் சொல்வதே காட்டை வைத்துத்தான். மேட்டுக்காட்டுக்காரர், பள்ளத்தோட்டத்தார், கிணத்துமேட்டுக்காரர். ஹில், அட்வெல், அண்டர்வுட் எல்லாம் அதே ரகம். ‘அட்டென் ஆஷ்’, அதாவது ஆஷ் மரத்தடிக்காரர் என்று சொல்லிச் சொல்லி, முன்சொல்லின் கடைசி எழுத்து மரத்தோடு ஒட்டிக்கொண்டு நாஷ் ஆகிவிட்டது. ஓக் மரத்தடிக்காரர் அதே மாதிரி நோக்ஸ் ஆனார். நாங்கள் பேச்சில் விட்டதை இவர்கள் தாளில் ஏற்றினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் மேட்டுக்காட்டுக்காரர் காட்டை விற்றுவிட்டு டவுனுக்குப் போனால் பேரும் காட்டோடு போய்விடும். இவர்களோ ஆஸ்திரேலியாவுக்குப் போனாலும் சட்கிளிஃப்தான்.

பழைய கோயில் பக்கம் ஒரு கல்லின் மேல் சில்லறைக் காசு கிடந்தது. டேவிட் ஹார்ட்லியின் கல்லறை. தங்கக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டி, அந்தத் துகளில் கள்ளக்காசு அடித்த கும்பலின் தலைவன். ‘ராஜா டேவிட்’ என்று பட்டம் வேறு. 1770இல் யார்க்கில் தூக்கில் போட்டார்கள். கள்ளக்காசுக்காரனுக்கு நல்ல காசு காணிக்கை!

புதிய கல்லறைப் பகுதியில் கவிஞர் சில்வியா பிளாத் இருக்கிறார். 1963இல் முப்பது வயதில் இறந்தவர். கல்லில் ‘சில்வியா பிளாத் ஹியூஸ்’ என்று கணவர் டெட் ஹியூஸ் பொறிக்கச் செய்தார். அந்த ‘ஹியூஸ்’ மட்டும் பல தடவை உளியால் கொத்தி எடுக்கப்பட்டது. அவருடைய சாவுக்குக் கணவர்தான் காரணம் என்று நம்பியவர்களின் கோபம். ஹியூஸ் என்றால் வேறொன்றுமில்லை, ஹியூவின் பிள்ளை. எந்தக் காலத்திலோ இருந்த ஒரு ஹியூ, தன் பெயரை ஒரு கல்லிலிருந்து கொத்தியெடுக்க ஆட்கள் மலையேறி வருவார்கள் என்று கண்டானா? டெட் ஹியூஸ் பிறந்ததும் இங்கே கீழேதான், மைத்தம்ராய்ட் என்ற ஊரில். அங்கேயும் ஒரு ராய்ட்.

மதியத்துக்கு மேல் ஹாலிஃபாக்ஸ். 1779இல் திறந்த பீஸ் ஹால், 315 அறைகள். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் தூண்கள். கைத்தறி நெசவாளிகள் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து விற்ற இடம். முழுசாக ஒரு பாவு நெய்து இறக்கிய துணிக்குத்தான் ‘பீஸ்’ என்று பெயர். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் விடியற்காலை எங்கப்பா தோளில் மூட்டையோடு நின்றது ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் தனியாக ஒரு தூணடியில் நின்றேன்.

துணித் தொழில் இந்த நாட்டுக்குக் கொடுத்த பெயர்களை எண்ணி மாளாது. வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர், நாலும் நெசவாளிதான். ‘ஸ்டர்’ ஆதியில் பெண்பால் விகுதி. பேக்ஸ்டர் என்பது ரொட்டி சுடும் பெண், ப்ரூஸ்டர் என்பது பீர் காய்ச்சும் பெண். பிற்பாடு வடக்கே ஆம்பளைக்கும் அதே பேர் ஆகிவிட்டது. லிஸ்டர் என்றால் சாயக்காரர். இந்த ஹாலிஃபாக்ஸ் ஷிப்டன் ஹாலில் வாழ்ந்து, லட்சக்கணக்கான வார்த்தைகளில் நாட்குறிப்பு எழுதிய ஆன் லிஸ்டர் நிலச்சுவான்தார். பெயரில் மட்டும் சாயப்பட்டறை மிச்சம். துணியின் மேல் மயிரைக் கத்தரித்துச் சமன்செய்தவர் ஷெர்மன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தவர் வாக்கர். நடப்பவர். எங்கே நடந்தார்? தொட்டிக்குள்! தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தண்ணீரிலும் ஒருவகைக் களிமண்ணிலும் நாள்பட்ட மூத்திரத்திலும் போட்டு, எண்ணெய் போய் இழை நெருங்கும்வரை நாளெல்லாம் காலால் மிதிப்பார்கள். அந்த வேலை செய்தவரை வடக்கே வாக்கர் என்றார்கள், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். ஒரே நாற்றத்துக்கு மூன்று பெயர். இனியாவின் வகுப்பில் ஒரு வாக்கர் இருக்கிறானாம். “நாளைக்கே சொல்றேன்” என்று துள்ளினாள். வேண்டாம் கண்ணு என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள்: வீடு, மழை

வெளியே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து கோமதிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன்.

அந்த முந்நூறு வருஷத்தில் நடந்த குழப்பத்துக்கு ஒரு காரணம், ஆண்களுக்கு வைத்த பெயர்கள் ரொம்பச் சொற்பம். ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், ராபர்ட், இந்த ஐந்திலேயே ஊரில் பெரும்பகுதி அடங்கிவிடும். எங்கள் மலையடிவாரத்தில் ‘சென்னியப்பா’ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவது மாதிரி. ஆகவே செல்லப் பெயர்கள் கிளம்பின. ராபர்ட் முதலில் ராப் ஆனார், பிறகு ஓசைக்காக ஹாப், டாப் என்று மாறினார். அவர் பிள்ளைகள் ராப்சன், ஹாப்சன், டாப்சன், ஹாப்கின்ஸ். ரிச்சர்ட் டிக் ஆனார், ஹிக் ஆனார். அதில் டிக்சன், ஹிக்சன், ஹிக்கின்ஸ். ரோஜர் எப்படியோ ஹாட்ஜ் ஆகி ஹாட்ஜ்சன் பிறந்தார். வடக்கே ‘சன்’ என்று முழுசாகச் சொல்லும் வழக்கம் அதிகம், தெற்கே வெறும் ‘ஸ்’ போட்டு முடித்துக்கொள்வார்கள்.

அம்மா பேரும் உண்டு. டில்லட்சன் மட்டில்டாவின் மகன், இபட்சன் இசபெல்லின் மகன், எம்மட் எம்மாவின் வழி. தூசி உறிஞ்சும் இயந்திரத்தில் எழுதியிருக்கிறதே டைசன், அதுவும் அம்மா பேர்தான், டயோனிசியா என்ற பெண்ணின் சுருக்கமான ‘டை’யின் மகன். கோமதி கையில் குழலைப் பிடித்தபடி நின்று கேட்டாள். “எம்.எஸ். சுப்புலட்சுமி மாதிரியாங்கப்பா?” ஆமாம், மதுரை சண்முகவடிவு. அங்கேயும் அம்மாதான். சி.என். அண்ணாதுரை என்றால் காஞ்சிபுரம் நடராசன், ஊரும் அப்பாவும். இரண்டு எழுத்துக்குள் ஒரு பதிவேட்டையே மடித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பெயர்களைத் தாளில் இறுக்கியதில் வரிக்காரர்களுக்குப் பங்குண்டு. 1377, 1379, 1381 என்று மூன்று தடவை தலைவரி போட்டார்கள். இந்த யார்க்ஷயர் மேற்குப் பகுதியின் 1379ஆம் வருஷக் கணக்கு நிறைய மிஞ்சியிருக்கிறது. சாதாரணக் குடிக்கு நாலு பென்னி, தொழிலுக்கும் அந்தஸ்துக்கும் ஏற்பக் கூடுதல். மூன்றாவது தடவை தலைக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி என்று ஏற்றியதும் ஜனங்கள் கிளர்ந்துவிட்டார்கள். அந்தக் கலகத்துக்குத் தலைமை வகித்தவர் வாட் டைலர், ஓடு வேய்பவர். பெயரைப் பட்டியலில் எழுதினால் வரி வரும் என்று தெரிந்த பிறகும் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். எங்கள் ஆபீசில் முத்திரைத்தாள் விலை கேட்டதும் தம்பி பேரையே மறந்துபோனவர்கள் உண்டு.

“அன்னைக்கு அந்த ஆபீசர் நம்ம வீட்டுக்கு வந்திருந்தா நம்ம சர்நேம் என்ன, அப்புச்சி? வெப்ஸ்டரா?” என்றாள் இனியா.

நெசவாளி ஊரில் யாரும் வெப்ஸ்டர் ஆக முடியாது என்று யார்க்கில் சொன்னதை மறுபடி சொன்னேன். என் தாத்தாவை ஊரில் ‘புளியமரத்து வீட்டுக்காரர்’ என்பார்கள். மரத்தை நான் பார்த்ததில்லை. அப்பா பிறப்பதற்கு முன்பே வெட்டியாகிவிட்டது.

“அப்ப நான் இனியா புளியமரம்!”

சாயங்காலம் வரை அந்தப் பெயரிலேயே கூப்பிட வேண்டியிருந்தது.

கோமதி கேட்டாள், நமக்கு ஏன் வால் ஒட்டவில்லை என்று. ஒட்டியிருந்தது, எடுத்தோம். ஆபீசில் பழைய தாய்ப்பத்திரங்களைப் புரட்டினால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் சாதி நிற்கும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிந்தைய பத்திரங்களில் பட்டம் மெதுவாகத் தேய்வதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே பெயர் ஒட்டிக்கொண்டது, தொழில் உதிர்ந்தது. அங்கே பெயரை உதிர்த்தோம். மற்றது உதிர்ந்ததா என்று எங்கள் ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாம் நாள்: டர்ஹாம், வாஷிங்டன்

டர்ஹாம் கதீட்ரலில் ரால்ஃப் நெவில் என்ற பிரபுவின் சமாதி இருக்கிறது. 1346இல் ஸ்காட்லாந்துப் படையை இந்த ஊருக்கு வெளியே ஜெயித்தவர், குருமாரோ துறவியோ அல்லாதவர்களில் முதன்முதலில் கோயிலுக்குள் புதைக்கப்பட்டவர். நெவில் என்பது நார்மண்டியில் புதூர் என்ற பொருளுள்ள ஊரின் பெயர். அதனால் அசல் பிரெஞ்சு ரத்தம் என்று நினைப்போம். உண்மையில் ஆண்வழியில் இவர் பழைய ஆங்கிலேய வம்சம். முன்னோர் ஒருவர் நெவில் குடும்பத்தின் சொத்துக்காரப் பெண்ணைக் கட்டினார். பிறந்த பிள்ளை அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டான். சொத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ பெயரும் அந்தப் பக்கம் சாயும். இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அங்கிருந்து வாஷிங்டன் கிராமம். பழைய மாளிகை ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், இப்போது நிற்பதில் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கதை அதற்கும் முந்தியது. வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் டர்ஹாம் ஆயரிடம் தன் ஹெர்ட்பர்ன் ஊரைக் கொடுத்துவிட்டு, மாற்றாக இந்த ஊரை வாங்கிக்கொண்டார். 1183இல் ஆயர் எடுத்த நிலக்கணக்கில் இது பதிவாகியிருக்கிறது. பரிவர்த்தனைப் பத்திரம்! ஊர் மாறியதும் பேரும் மாறியது, ஹெர்ட்பர்ன்காரர் வாஷிங்டன்காரர் ஆனார். அவர் வழியில் வந்தவர்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். அந்த மாற்று நடக்காமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகருக்கு இன்றைக்கு ஹெர்ட்பர்ன் என்று பெயர் இருந்திருக்கும். ஹ்வாசா என்ற எவனோ ஒருவனின் கூட்டத்தார் குடியிருந்த ஊர் என்பதுதான் இந்தப் பெயருக்குப் பொருள்.

பெயர் அதோடு நிற்கவில்லை. 2000ஆம் வருஷ அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களில் சுமார் 90 விழுக்காடு கறுப்பின மக்கள். அடிமைகளாக இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விடுதலைக்குப் பின் தேர்ந்துகொண்ட பெயர். அடிமையாகப் பிறந்து பின்னால் பெரிய கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வருகை எடுக்கும்போதுதான் மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தார். தன் முறை வந்ததும் வாஷிங்டன் என்று சொல்லிவிட்டார். அவருடைய வளர்ப்புத் தகப்பனின் முதற்பெயர் வாஷிங்டன். அப்பா பேரைச் சொல் என்று வாத்தியார் கேட்டதும் நாம் சொல்வதைத்தான் அந்தப் பையனும் சொல்லியிருக்கிறான்.

மாளிகைக்குள் பழைய குடும்பச் சின்னத்தைக் காட்டினார்கள். சிவப்புப் பட்டைகள், மேலே நட்சத்திரங்கள். தேநீர் நன்றாக இருந்தது.

ஆறாம் நாள்

முழங்கால். ஹெப்டன்ஸ்டால் இன்றைக்குத்தான் கணக்குக் கேட்டது.

ஏழாம் நாள்: வெல்ஷ்பூல்

மூன்று ரயில் மாறி வேல்ஸ் எல்லைக்குள் வந்துவிட்டோம். கோமதிக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. பாரிமுனை இருக்கிறது என்றேன்.

சின்ன வயதில் முதன்முதலாக மெட்ராஸ் போனபோது பாரிமுனை என்றால் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி என்றே நம்பினேன். பிற்பாடுதான் தெரிந்தது, அது தாமஸ் பாரி. செவர்ன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லெய்ட்டனைச் சேர்ந்த குடும்பம். 1788இல் மெட்ராஸ் வந்து வியாபாரம் தொடங்கி, 1824இல் இறந்து, கடலூரில் அடக்கமானார். வெல்ஷ் மொழியில் ‘அப்’ என்றால் மகன். ஹாரியின் மகன் ‘அப் ஹாரி’. வேகமாகச் சொல்லுங்கள், பாரி. சென்னைக்கு நடுவில் பஸ் கண்டக்டர் தினமும் கத்துவது ‘ஹாரி மகன்’ என்று!

‘அப்’ என்று கேட்டதும் நான் அப்பன் என்று நினைத்தேன். இவர்களுக்கு அது மகன். அந்த ‘ப’ வேல்ஸ் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப் ரீஸ் பிரைஸ் ஆனார், அப் ஹவெல் பவெல், அப் ஹியூ பியூ, அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட். உயிரெழுத்துக்கு முன்னால் அந்த ‘ப்’ ஆங்கில ‘b’ ஓசைக்கு மெலிந்துவிடும். ஓவனின் மகன் போவென், ஈவனின் மகன் பெவன். இங்கிலாந்துக்காரர்கள் பெயரைப் பூட்டி இருநூறு வருஷம் ஆன பிறகும் இவர்கள் நம்மை மாதிரியே இருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் அப்பா பேர் மாறும். இன்னார் மகன் இன்னார் மகன் இன்னார் என்று சங்கிலியாகச் சொல்வார்கள். 1536இலும் 1543இலும் போட்ட சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டது. கோர்ட்டும் பதிவும் ஆங்கிலத்தில் ஆகவே, சங்கிலியை ஏதோ ஒரு கண்ணியில் வெட்ட வேண்டியதாயிற்று.

எந்தக் கண்ணியில் வெட்டுவது என்பதுதான் கூத்து. எட்டாம் ஹென்றி, எலிசபெத் ராணி எல்லாம் வந்த டியூடர் வம்சத்தின் மூலபுருஷர் ஓவைன் அப் மரெடித் அப் டியூடர். நியாயப்படி அப்பா மரெடித். எழுதியவர்கள் ஒரு படி தாண்டித் தாத்தா பேரைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லையென்றால் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் மரெடித் வம்சம் என்று படித்திருப்பார்கள். எங்கள் ஆபீசில் இப்படி எழுதியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட்டாக வேண்டும்.

ராஜாவின் தலையை வெட்டிய ஆலிவர் குரோம்வெல்லும் ஆண்வழியில் வெல்ஷ்காரர்தான், வில்லியம்ஸ் குடும்பம். எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் குரோம்வெல்லின் சகோதரியை முன்னோர் கட்டியதால், பிள்ளை தாய்மாமன் பெயரை எடுத்துக்கொண்டான். பழைய பத்திரங்களில் அந்தக் குடும்பம் ‘வில்லியம்ஸ் என்கிற குரோம்வெல்’. அந்த ‘என்கிற’வைப் படித்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. தாமஸ் குரோம்வெல் யார் தெரியுமா? ஒவ்வொரு சர்ச்சிலும் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் உத்தரவு போட்டவர். எங்கள் இலாகாவுக்கு மூத்த அதிகாரி என்றே சொல்லலாம்.

வேல்ஸில் மிக அதிகமான பெயர் ஜோன்ஸ். ஜானின் மகன். வெல்ஷ் மொழியின் பழைய நெடுங்கணக்கில் அந்த ‘ஜ’வுக்கு எழுத்தே கிடையாது. ஒரு ஊரில் முப்பது ஜோன்ஸ் இருந்தால் என்ன செய்வது? பால் ஊற்றும் ஜோன்ஸை ‘பால் ஜோன்ஸ்’ என்றும், தபால்காரரை ‘தபால் ஜோன்ஸ்’ என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வால் ஒட்டிய பிறகும் ஆளைக் கண்டுபிடிக்க மறுபடி தொழிலுக்கே வர வேண்டியிருக்கிறது.

தங்கும் விடுதியை ஒரு வயதான அம்மாள் நடத்துகிறார். வந்தவர்கள் கையெழுத்திடும் நோட்டு ஒன்றை நீட்டினார். ‘சர்நேம்’ என்று அதிலும் ஒரு பத்தி. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன். பிறகு இரண்டு பத்தியையும் சேர்த்து, பழைய கையெழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினேன்: சென்னியப்பன், கந்தசாமி மகன், சென்னிமலை கிராமம்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“ஓ, சென்னியப்பன் அப் கந்தசாமி” என்றார். “காலையில் முட்டை எப்படி வேண்டும்?”